ஆக்ஸிடோசினை அளக்க ஆர்.ஐ.ஏ.வா, எலைசாவா?

இரத்தத்தில் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோனை அளக்க முற்படும் ஆய்வகங்கள் முதலில் எடைபோட்டுப் பார்ப்பது ஆர்.ஐ.ஏ. எனப்படும் கதிரியக்க அளவீட்டையும், நொதியால் நிறமூட்டி அளக்கும் எலைசாவையும்தான். என் பார்வையில், முடிவைப் பெரிதும் மாற்றுவது இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதன்று. இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலிருந்து இந்தப் பெப்டைடை (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலியை) முதலில் பிரித்தெடுக்கிறோமா என்பதே.

ஒன்பது அமினோ அமிலங்களே கொண்ட இந்த மூலக்கூறை இரண்டு எதிர்ப்பொருள்கள் (குறிப்பிட்ட பொருளை இனங்கண்டு பற்றும் புரதங்கள்) ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள இடம் போதாது. ஆகவே இரு முறைகளிலும் மாதிரியிலுள்ள பெப்டைடும் அளப்பதற்காக அடையாளமிட்டுச் சேர்த்த பெப்டைடும் ஒரே எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடுகின்றன. மாதிரியில் பெப்டைடு கூடக் கூட, பிணைந்த அடையாளத்தின் அளவு குறைகிறது. இதிலுள்ள வம்பு என்னவென்றால், அந்தப் பிணைப்பைக் கெடுப்பது பிளாஸ்மாவில் மிதக்கும் ஏதோ ஒரு புரதமாக இருந்தாலும், அதுவும் ஆக்ஸிடோசின் கணக்கிலேயே சேர்ந்துவிடும்.

ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய ஆர்.ஐ.ஏ., யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. நல்ல எதிர்ப்பொருள் கிடைத்தால் மில்லிலிட்டருக்கு ஓரிரு பிகோகிராம் (ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வரை அதனால் அளக்க முடியும். ஆனால் அடையாளமாகப் பயன்படும் கதிரியக்க அயோடின்-125 சுமார் 60 நாளில் பாதியாகச் சிதைந்துவிடுவதால் அடையாளப் பொருளை வாங்கி நெடுநாள் சேமித்து வைக்க இயலாது; கதிரியக்க அனுமதி, கழிவு அகற்றல் ஆகிய சுமைகளும் உண்டு.

எலைசாவுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 96 குழித் தட்டும் நிறத்தை அளக்கும் கருவியும் போதும். அந்த எளிமையே பலரைப் பிளாஸ்மாவை நேரடியாகக் குழியில் இடத் தூண்டுகிறது. அப்போது நலமான மனிதரிடமும் மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான பிகோகிராம் காட்டும். அமிலமூட்டிச் சி-18 எனும் பிரிப்புக் குழலில் பிரித்தெடுத்த பிளாஸ்மாவிலோ பெரும்பாலும் பத்துக்கும் குறைவாகவே வரும். இவ்விரு எண்களும் ஒன்றோடொன்று ஒத்து ஏறி இறங்குவதும் இல்லை என்பதால், ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கணக்கிட வழியில்லை. பிரித்தெடுக்கும்போது புரதத்தோடு பிணைந்த ஆக்ஸிடோசின் கணக்கில் வராமல் போகிறது என்பது மறுதரப்பின் வாதம். அதைப் புறந்தள்ள முடியாதுதான். எனினும், பிரித்தெடுக்காத பிளாஸ்மாவை நிறப்பிரிகையில் (கலவையின் கூறுகளைப் பிரிக்கும் முறையில்) கூறுபோட்டபோது எதிர்ப்பொருளோடு வினைபுரிந்தவற்றில் பெரும்பகுதி ஆக்ஸிடோசின் வெளிப்படும் இடத்தில் காணப்படவில்லை. மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு இனங்காணும் நிறை நிறமாலைமானி இந்த வழக்கைத் தீர்க்கக்கூடும், விலைதான் எட்டாது.

கதிரியக்க அனுமதி உள்ள ஆய்வகத்துக்குப் பிரித்தெடுத்தலோடு ஆர்.ஐ.ஏ.வையும், இல்லாத ஆய்வகத்துக்குப் பிரித்தெடுத்தலோடு எலைசாவையும் பரிந்துரைப்பேன். எதுவாயினும், அளவறிந்து சேர்த்த ஆக்ஸிடோசினில் எத்தனை விழுக்காடு மீண்டது, மாதிரியை நீர்க்கச் செய்தபோது அளவும் அதே விகிதத்தில் குறைந்ததா என்ற இரண்டையும் அறிக்கையில் தர வேண்டும். சுண்டெலி ஆய்வாளர்களுக்கு மட்டும் இதில் கூடுதல் சங்கடம் உண்டு: பிரித்தெடுக்கப் போதுமான பிளாஸ்மா ஒரே எலியிடம் கிடைப்பது அரிது என்பதால், பல எலிகளின் மாதிரிகளை ஒன்றுசேர்க்க நேரும்; அப்போது தனி எலியின் அளவு தெரியாமலே போய்விடும்.