குட்டி முயல்: குத்துவதா, தைப்பதா?

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு முயல் செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, கம்பளிப் பஞ்சை உருட்டி ஊசியால் குத்திக் குத்தி உருக்கொடுப்பது. இன்னொன்று, ஃபெல்ட் துணியை (நெய்யாமல், இழைகளை அழுத்திச் செய்த துணி) வெட்டித் தைத்து எம்பிராய்டரியில் முகம் போடுவது.

குத்தும் ஊசிக்குக் காதே கிடையாது. முனைக்குச் சற்று மேலே நுண்ணிய வெட்டுகள் இருக்கும். அவை இழைகளை உள்ளே இழுக்க, கம்பளியின் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிப் பஞ்சு இறுகும். தடித்த 36 ஆம் எண் ஊசியில் ஆரம்பித்து, மேற்பரப்புக்கு மெல்லிய 40க்கு மாறினால் குத்திய தடம் அவ்வளவாகத் தெரியாது. சாய்த்து நெம்பினால் ஊசி ஒடியும். விரலிலும் ஏறும், என் இடது ஆள்காட்டி விரலே சாட்சி. மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி வழவழவென்று இருக்கும், ஆனால் இறுக நேரமாகும்; உடலுக்குக் கொஞ்சம் முரட்டுக் கம்பளியே மேல். காது கோணலா? பிய்த்துவிட்டு மறுபடி வைக்கலாம்.

தையலில் அந்தச் சலுகை இல்லை, வெட்டியது வெட்டியதுதான். ஆனால் ஒரே மாலையில் முடியும், குழந்தைகளும் கூட உட்காரலாம்.

முகம் என்று வந்தால் நூல்தான் ஜெயிக்கிறது. ஆறிழை நூலில் ஓரிழையைப் பிரித்து ஒரு பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு) போட்டால் கண் தயார். கறுப்புக் கம்பளியைக் குத்தி அதே கண்ணை வைத்துப் பாருங்கள், முயல் தூக்கம் கெட்டவன் மாதிரி முழிக்கும். அதனால் நான் உடலைக் குத்திவிட்டு, கண்ணையும் மூக்கையும் நூலால்தான் போடுகிறேன்.