சிலாப்பா, கேப்சூலா?

அமெரிக்காவில் 1986-இல் பிசிஜிஎஸ், மறு ஆண்டு என்ஜிசி என நாணயங்களைச் சோதித்துத் தரம் குறிக்கும் நிறுவனங்கள் வந்ததிலிருந்து, தரமிட்ட நாணயம் என்றாலே சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிதான், அதாவது சிலாப். அதை மூடுவது அல்ட்ராசானிக் வெல்டிங், அதாவது மீயொலி அதிர்வால் ஒட்டும் முறை. இதில் பெட்டியின் ஒரு பாதி விளிம்பில் மெல்லிய முக்கோண வரப்பு இருக்கும். இரு பாதியையும் அழுத்திப் பிடித்து, நொடிக்குச் சுமார் 20,000 தடவை அதிரவிட்டால் வரப்பு மட்டும் சூடேறி உருகி, கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிக்கொள்ளும். பசையே கிடையாது. திறக்க உடைக்கத்தான் வேண்டும். உடைத்தால் தடம் தெரியும். (போலி சிலாப்பும் உலவுகிறது, பெட்டியிலுள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்திடம் சரிபாருங்கள்.)

கேப்சூல் என்பது அழுத்தி மூடும் வட்டப் பிளாஸ்டிக் டப்பா, மலிவு. நகத்தால் நெம்பினாலே திறக்கும், ஆகவே உள்ளிருப்பதற்கு அது சாட்சி சொல்லாது. காற்றே புகாது என்று இரண்டையும் நம்ப வேண்டாம். விற்கும் எண்ணமில்லாத காசுக்கு எனக்குக் கேப்சூலே போதும். விட்டத்தை மட்டும் மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள், தொளதொளத்தால் காசு உரசும்.