சோயா ஐசோஃபிளேவோன் பிரித்தெடுப்பு: பிரையர் ஆர்ட் தேடும் தளங்கள், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

சோயாவிலிருந்து ஐசோஃபிளேவோன் (சோயாவில் இயற்கையாக இருக்கும் ஒரு சேர்மவகை) எடுக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது பிரையர் ஆர்ட்டை, அதாவது ஏற்கெனவே வெளியான முன்கலையை, எந்தத் தளத்தில் தேடலாம் என்பதைத்தான். எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம், மூன்றும் தேவை. ஆனால் தேடும் சொல்லும் படிக்கும் இடமும் தப்பாக இருந்தால் மூன்றுமே ஒரே மாதிரி கைவிடும்.

எஸ்பாஸ்நெட்டின் பலம் சிபிசி வகைப்பாட்டுக் குறியீடு, அதாவது காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண். ஐசோஃபிளேவோன் வளையத்துக்கு சி07டி 311/36. இயற்கைப் பொருளிலிருந்து பிரித்துத் தூய்மையாக்குவதற்கு 311/40. இதில் ஃபிளேவோன்களும் கலந்து வரும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான். பயறுக் குடும்பத் தாவரச் சாறுகளுக்கு ஏ61கே 36/48. இதோடு ஏ61கே 2236 வரிசையைச் சேர்த்தால் முறை வாரியாக வடிகட்டலாம்: நீரும் ஆல்கஹாலும் கலந்த கரைப்பான் 2236/333, சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு போன்ற உயர் அழுத்த முறைகள் 2236/37. பழைய ஆவணத்தின் முகப்பில் அச்சான குறியீட்டை மட்டும் நம்பக் கூடாது. 2006-க்கு முன்பு தாவரச் சாறுகள் எல்லாம் ஏ61கே 35/78 என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்தன.

சொல் தேடலில் அடிக்கடி கால் இடறும் இடம் தாவரப் பெயர். கிளைசின் மேக்ஸ் என்பதில் முதல் பாதியை மட்டும் போட்டால் அமினோ அமிலமான கிளைசின் வந்து திரையை நிரப்பிவிடும். எஸ்-ஓ-ஒய் எழுத்துகளுக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் சோயா, சோயாபீன் எல்லாம் சிக்கும். ஜெர்மன், பிரெஞ்சு ஆவணங்களில் இருக்கும் 'சோஜா' சிக்காது. ஐசோஃபிளேவோன் சேர்மப் பெயர்களை நம்புவதைவிடக் காஸ் எண்ணையும் (ஒவ்வொரு சேர்மத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) சேர்த்துப் போடுவது நல்லது: ஜெனிஸ்டீன் 446-72-0, டெய்ட்சீன் 486-66-8, ஜெனிஸ்டின் 529-59-9.

கூகுள் பேட்டன்ட்ஸ் முழு உரையையும் வேகமாகத் துழாவும். ஸ்கேன் செய்த பழைய ஆவணங்களில் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) 'ஐ-என்' இரண்டையும் ஒட்டி 'எம்' என்று படித்துவிடுவது உண்டு; அப்போது சேர்மத்தின் பெயர் சரியாக இருந்தும் தேடலில் அகப்படாது. அதனால் சாற்றிலிருந்து சேர்மத்தை உறிஞ்சிப் பிடித்துத் தூய்மையாக்கும் பிசினின் பெயரையும் தனியாகத் தேட வேண்டும்: டயாயான் ஹெச்பி-20, ஆம்பர்லைட் எக்ஸ்ஏடி, சீன ஆவணங்களில் ஏபி-8. தூய்மையாக்கும் படி எதுவானாலும் இவற்றில் ஒன்று எங்காவது எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பேட்டன்ட்ஸ்கோப்பில் இலவசக் கணக்கு தொடங்கினால் வேதிக் கட்டமைப்பை வரைந்தே தேடலாம். அதைவிடப் பயன் தருவது பன்னாட்டு விண்ணப்பத்தோடு வரும் தேடல் அறிக்கை. உங்கள் முறைக்கு நெருங்கிய நாலைந்து விண்ணப்பங்களை எடுத்து, அவற்றின் அறிக்கையில் எக்ஸ், ஒய் குறியிட்ட ஆவணங்களைப் படியுங்கள். எக்ஸ் என்றால் அந்த ஒரே ஆவணம் விண்ணப்பத்தின் கிளெய்மை (உரிமை கோரும் வாசகத்தை) வீழ்த்தப் போதும். ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்ந்து வீழ்த்தும். பரிசோதகர் ஏற்கெனவே செய்த வேலை அது, கூலியில்லாமல் கிடைக்கிறது.

ஜப்பானிய, சீன ஆவணங்களைத் தவிர்க்க வழியே இல்லை. சோயா முளைக்குருத்து (ஹைப்போகாட்டில்) விதையின் எடையில் சுமார் 2%தான், ஆனால் அதில் ஐசோஃபிளேவோன் அடர்த்தி பருப்பைவிடப் பல மடங்கு. 'ஹைப்போகாட்டில்' என்று தேடினால் பாதிதான் வரும். அந்த ஆவணங்களின் இயந்திர மொழிபெயர்ப்பு அதை 'கருவின் அச்சு' என்ற பொருளில் ஆங்கிலமாக்கியிருக்கும். அந்தச் சொல்லையும் 'ஜெர்ம்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

இனி படிக்கும் இடம். தலைப்பில் ஐசோஃபிளேவோன் என்ற சொல்லே இல்லாத புரதக் காப்புரிமைகள்தான் பெரிய ஆபத்து. எண்ணெய் எடுத்த சோயா செதில்களை 60 முதல் 80% எத்தனாலில் கழுவிப் புரதச் செறிவு தயாரிப்பது பழைய தொழில்முறை. அந்தக் கழுவலோடு ஐசோஃபிளேவோனும் வெளியேறி சோயா மொலாசஸில் (கழுவிய திரவத்தைச் சுண்ட வைத்த பாகில்) சேர்கிறது. எழுதியவருக்கு அதில் அக்கறை இல்லாவிட்டாலும் செயல் நடந்திருக்கிறது. ஏ23ஜே 1/14-ஐத் தேடாமல் விட்டால் இவை கண்ணில் படாது. ஆய்விதழ்களையும் விடக் கூடாது: எண்ணெய் நீக்கிய சோயா செதில்களிலிருந்து மெத்தனாலால் ஜெனிஸ்டின் எடுத்ததை வால்டர் 1941-லேயே வெளியிட்டுவிட்டார்.

எடுத்துக்காட்டுகளில் உள்ள எண்களை ஒரே அலகுக்கு மாற்றாமல் ஒப்பிடுவதுதான் அனுபவசாலிகளும் செய்யும் பிழை. முன்கலை 70% எத்தனால் என்கிறது, அது கன அளவில். உங்கள் கிளெய்ம் 60 முதல் 65%, அது எடையில். விலகி நிற்பதாகத் தோன்றும். கன அளவில் 70% என்பது எடையில் சுமார் 62.4%. அதாவது நீங்கள் அவர்கள் கரைப்பானுக்குள்ளேயே நிற்கிறீர்கள். தூய்மையும் அப்படித்தான். ஜெனிஸ்டினின் மூலக்கூறு எடை 432.4, சர்க்கரை நீங்கிய ஜெனிஸ்டீனுக்கு 270.2, விகிதம் 0.625. ஜெனிஸ்டினாகக் கணக்கிட்ட 40% சாறும் ஜெனிஸ்டீனாகக் கணக்கிட்ட 25% சாறும் ஒன்றே. எந்த அலகு என்று ஆவணம் சொல்லவில்லையா, ஹெச்பிஎல்சிக்கு (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் முறை) என்ன தர அளவுப்பொருள் வைத்தார்கள் என்று பாருங்கள்.

வெப்பநிலையும் கதை சொல்லும். சூடுபடாத சோயாவில் ஐசோஃபிளேவோனின் பெரும்பகுதி மேலோனைல் வடிவம், அதாவது அதன் சர்க்கரையில் மேலோனைல் என்ற அமிலத் துண்டு ஒட்டியது. சூடாக எடுத்தால் மேலோனைல் கழன்று, சர்க்கரை மட்டும் ஒட்டிய சாதாரண குளுக்கோசைடாகும். பழைய ஆவணம் மேலோனைலைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும், அதிகச் சூட்டில் நெடுநேரம் எடுத்திருந்தால் 'மேலோனைல் குறைந்த சாறு' என்ற கிளெய்மை அது உள்ளார்ந்த வெளிப்பாடாக மறிக்கக்கூடும்.

வெறும் சூட்டையும் செறிவையும் மாற்றியதை வைத்து வாதாடுவது கடினம். 1955-ல் ஆலர் வழக்கில் முன்கலை 100 டிகிரி, 10% அமிலம். கிளெய்ம் 40 முதல் 80 டிகிரி, 25 முதல் 70% அமிலம். வழக்கமான சோதனையில் எட்டக்கூடியதே என்று அமெரிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. எதிர்பாராத விளைவுக்கான தரவு, முன்கலையின் நிலைமைகளோடு பக்கத்தில் வைத்துச் செய்த சோதனை, கையில் இருக்க வேண்டும்.

தேடல் குறிப்பேட்டில் தேதி, தளம், முழுத் தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை, படித்த எண்ணிக்கை ஐந்தும் போதும். கூகுள் காட்டும் மொத்த எண்ணிக்கை குத்துமதிப்பு என்பதால் அதன் கீழே பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகின்றன; அதனால் தாக்கல் செய்த பிறகு அந்த இடைவெளி தீரும்போது அதே வரிகளை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். உங்கள் சொந்த ஆய்வேடும் மாநாட்டுச் சுவரொட்டியும் இந்தப் பட்டியலில் சேரும்: அமெரிக்காவில் 12 மாதச் சலுகை உண்டு, ஐரோப்பாவில் இதற்குக் கிடையாது.