மஸ்டாங் டிக்கிக்கு பிளைவுட் தரை செட்: பலகை அருமை, கூட வரும் ஸ்க்ரூ மட்டும் வேண்டவே வேண்டாம்

ஃபோர்டின் பழைய கார், முதல் தலைமுறை மஸ்டாங்கின் கூப்பே (தனி டிக்கி வைத்த இரண்டு கதவு வகை) மாடலின் டிக்கித் தரைக்கென்றே அளவெடுத்து வெட்டி விற்கும் பிளைவுட் செட் ஒன்றை வாங்கிப் பொருத்தி, ஜாக்கி, கருவிப்பெட்டி, பயணப் பை என்று எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு நடுப்பலகை, இரண்டு பக்கப் பலகைகள், மேலே ஒட்ட கறுப்புக் கார்பெட், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, ஒரு தாளில் படத்துடன் குறிப்பு. பலகைக்குத் தாராளமாக மதிப்பெண் தருவேன். ஸ்க்ரூ பொட்டலத்தைப் பிரிக்காமலே தூக்கிப் போடுங்கள். இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: இந்தக் காரில் டிக்கித் தரை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி தரையே இல்லை, பெட்ரோல் டேங்கின் மேல்தகடு.

அறுபதுகளின் மஸ்டாங்கை டிக்கியைக் காலி செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் பெரிய ஓட்டை விட்டு, அதற்குள் டேங்கை மேலிருந்து இறக்கி, சுற்றிலும் உள்ள விளிம்பைத் தரையோடு திருகி வைத்திருப்பார்கள். 1965 மாடலில் அந்த டேங்க் 16 கேலன், கிட்டத்தட்ட 60 லிட்டர் பிடிக்கும். அதன் மேல் ஒரு பாயை விரித்தால் டிக்கித் தரை தயார். இப்போது செட்டோடு வந்த ஸ்க்ரூவைப் பாருங்கள்: நீளம் 25 மில்லிமீட்டர், பலகையின் தடிமன் 12. மீதி 13 மில்லிமீட்டர் கீழே எங்கே போகும்? குறிப்புத் தாளில் டேங்கின் விளிம்பு எங்கே முடிகிறது என்று ஒரு கோடுகூட இல்லை, "நான்கு மூலையிலும் நடுவிலும் திருகவும்" என்று மட்டும் இருக்கிறது. நடுவில் திருகினால் நேராக டேங்கில்தான் இறங்கும். இதை அச்சடித்து அனுப்பியவர் காரின் டிக்கியை ஒருமுறையாவது திறந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

சரி, பலகைக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நல்ல வேலை செய்திருக்கிறார்கள். மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பசையால் ஒட்டிய வகை), அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி கண்ணில் படவில்லை, வெட்டும் சுத்தம், சக்கர வளைவின் பக்கம் உரசாமல் உட்காருகிறது. பக்கப் பலகைகளை எதையும் சீவாமல் அப்படியே வைக்க முடிந்தது. குறை என்றால் விளிம்புகளைப் பச்சையாக விட்டுவிட்டார்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் விளிம்பு வழியாகத்தான், முகப்பு வழியாக அல்ல, அதனால் கார்பெட் ஒட்டும் முன் விளிம்பிலும் ஒவ்வொரு துளையின் உள்சுவரிலும் எபாக்ஸியை இரண்டு கை பூசிவிடுங்கள். துளை போட்ட பிறகு பூச வேண்டும், முன்னால் பூசினால் பயனில்லை.

டேங்கின் கழுத்து இருக்கும் இடத்திலும் ஒரு சிக்கல். இந்த மாடலில் பின்பக்கத் தகட்டிலிருந்து வரும் நிரப்புக் குழாய் டிக்கிக்குள்ளேயே ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக டேங்கோடு சேருகிறது, இரண்டு பக்கமும் கிளாம்ப். அந்த ஹோஸில் விரிசல் விட்டால் டிக்கியில் பெட்ரோல் வாடை அடிக்கும், கிளாம்பைத் தளர்த்தி மாற்ற வேண்டியிருக்கும். செட்டின் நடுப்பலகையில் அங்கே விட்டிருக்கும் பள்ளம் குழாய்க்கு மட்டும் போதும், ஸ்க்ரூடிரைவர் நுழையாது. நான் ஜிக்சாவால் அதைத் தாராளமாக அகலப்படுத்திக்கொண்டேன். வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்யத்தான் வேண்டும்.

இனி பிடிமானம். என் முடிவு எளிது: டேங்கின் விளிம்புக்கு உள்ளே மேலிருந்து எந்த ஸ்க்ரூவும் இறங்கக் கூடாது, நீளம் குறைந்ததாக இருந்தாலும் சரி. நடுப்பலகை டேங்கின் மேல் மிதக்க வேண்டும், பாரம் பக்கத் தரைக்குப் போக வேண்டும். அதற்காக இரு பக்கமும் கட்டைத் துண்டுகள் வைத்து உயரத்தைச் சரிசெய்தேன், டேங்குக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் உறிஞ்சாத, மூடிய அறைகள் கொண்ட ஃபோம் டேப். ஃபெல்ட், சணல் விரிப்பு இரண்டும் அங்கே கூடாது. ஒருமுறை நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும், அடியில் தகடு துருப்பிடிப்பது வெளியே தெரியாது.

பக்கப் பலகைகளுக்கு எம்6 ரிவெட் நட், அதாவது தகட்டுத் துளைக்குள் வைத்துக் கருவியால் இழுத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும், 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான மரை கொண்ட குழல். தானாக மரை வெட்டிக்கொண்டு இறங்கும் ஸ்க்ரூ இந்த மெல்லிய தகட்டில் நான்கைந்து முறை கழற்றி மாட்டினால் ஓட்டையைத் தேய்த்துவிடும், அப்புறம் தடித்த ஸ்க்ரூ, அதற்கப்புறம் இன்னும் தடித்தது என்று போகும். ரிவெட் நட் தகட்டிலேயே நிரந்தரமாக நின்றுவிடும், போல்ட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றலாம். எம்6க்கு வழக்கமாக 9 மில்லிமீட்டர் துளை, வாங்கிய நட்டின் பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், துளை கொஞ்சம் பெரிதானாலும் நட் உள்ளேயே சுழலும். துளையிட்டதும் உலோகத் தூளை வேக்குவம் போட்டு எடுத்துவிட்டு, வெட்டு விளிம்பில் துத்தநாக பிரைமர் தொட்டு, காய்ந்த பிறகுதான் நட்டை இழுக்க வேண்டும். போல்ட் தலைக்குக் கீழே அகலமான வாஷர், இல்லையென்றால் தலை மரத்துக்குள் புதையும். இறுக்குவது கையால், அழுத்தமாக, அவ்வளவுதான்.

இதில் எதையும் டேங்க் உள்ளே இருக்கும்போது செய்யாதீர்கள். சாதாரண மின் டிரில்லின் மோட்டாரில் பொறி பறக்கும், பாதி காலியான டேங்கில் மேலே நிற்பது முழுக்க ஆவி. டேங்கை வெளியே எடுத்து காரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, தரைக்கு அடியில் குனிந்து பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், டெயில் லைட் வயர் எங்கே ஓடுகின்றன என்று பார்த்த பிறகுதான் துளை. எப்படியும் பழைய டேங்கை ஒருநாள் எடுத்துச் சோதிக்கத்தானே போகிறோம், பலகை வேலையை அந்த நாளோடு சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நடுப்பலகை அடிக்கடி எடுக்க வேண்டியது, அதனால் அதற்குக் கால் சுற்றுத் திருப்பில் பூட்டித் திறக்கும் ஃபாஸ்டனர் போட்டேன், அதுவும் பக்க விளிம்புகளில், கட்டைகள் மேல் மட்டும். 1930களில் விமான என்ஜின் மூடிகளுக்காக வில்லியம் ட்ஸுஸ் கொண்டுவந்த அதே வகை. கால் சுற்று திருப்பினால் விடும், திரும்பக் கால் சுற்றில் பிடிக்கும், அதிர்வில் தளராது. இதைச் செட்டிலேயே கொடுத்திருந்தால் தயாரிப்பாளரைக் கொண்டாடியிருப்பேன்.

பலகை போடுமுன் தண்ணீர்ச் சோதனை கட்டாயம். டிக்கி ரப்பர், டெயில் லைட் கேஸ்கெட், பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு மூன்றிலும் ஹோஸைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள், எந்த உயரத்தில் ஒழுகத் தொடங்குகிறது என்று அப்போதுதான் பிடிபடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளங்களில் தண்ணீர் நின்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பலகை அதை மூடத்தான் செய்யும்.

யார் வாங்கலாம்? காரை ஓட்டுகிறவர்கள், சாமான் ஏற்றுகிறவர்கள், டேங்கின் மேல் கனமான பெட்டி நேராக உட்காருவது பிடிக்காதவர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே காட்சிக்கு வைக்கிறவர்களுக்கு இது சரிவராது, அவர்கள் பாயோடு இருக்கட்டும். ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் வரை சரிந்து இறங்கும் மாடல்) வைத்திருப்பவர்கள் கூப்பே செட்டை வாங்க வேண்டாம், பின்பக்க அமைப்பே வேறு. கையில் இருக்கும் காசு ஒரே ஒரு வேலைக்குத்தான் என்றால் இந்தச் செட்டை விட்டுவிட்டு, பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே போடும் எஃகுத் தடுப்புத் தகட்டை வாங்குங்கள். கூப்பேயில் அந்த இடத்தில் தொழிற்சாலை வைத்தது வெறும் அட்டைப் பலகை. பின்னாலிருந்து இடி விழுந்து டேங்க் கிழிந்தால், பெட்ரோலுக்கும் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவே அந்த அட்டைதான் இருக்கிறது.