வாளியா, ஐஸ் பெட்டியா, துணிப்பையா?

வீட்டிலேயே பீர் காய்ச்சக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை நொறுக்கி, சுடுநீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை மட்டும் வடித்தெடுக்க எந்தப் பாத்திரத்தை வைத்துக்கொள்வது? கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் சாமான் விலை கையைக் கடிக்கும். ஆனால் இந்த ஒரு கட்டத்துக்கு நாமே செய்துகொள்வது தாராளமாகப் போதும். வடித்த சாறு அடுத்து ஒரு மணி நேரம் கொதிக்கப் போகிறது; பாத்திரத்திலிருந்து வரும் கிருமிகள் பீரைக் கெடுக்க அதில் பிழைத்திருக்காது.

பாத்திரத்துக்கு வேலை இரண்டுதான். 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரு மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். அப்போதுதான் மால்ட்டின் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அப்புறம் உமியையும் சக்கையையும் நிறுத்திக்கொண்டு சாற்றை விட வேண்டும்.

மலிவு மட்டுமே கணக்கென்றால், வீட்டில் பீர் காய்ச்சுவது பற்றி நூல் எழுதிய அமெரிக்கர் சார்லி பாப்பாசியன் பரப்பிய இரட்டை வாளி; ஒன்றுக்குள் ஒன்று. உள் வாளியின் அடியில் நூற்றுக்கணக்கில் சிறு துளைகள், வெளி வாளியில் ஒரு குழாய், அவ்வளவுதான். வடிக்கும், ஆனால் சூடு நிற்காது. ஊறவைக்க வேறு பாத்திரம் தேட வேண்டியிருப்பதால் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

குளிர்பானங்களை வெளியே எடுத்துச் செல்லும் ஐஸ் பெட்டிக்குச் சூட்டைக் காப்பதும் கைவந்த கலை. முதலில் சுடுநீர் ஊற்றிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். 5 கிலோ மால்ட்டுக்கு 15 லிட்டர் தண்ணீரை 72 முதல் 74 டிகிரிக்குள் ஊற்றினால், கலந்ததும் 67-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வடிகட்டியாகத் தண்ணீர்க் குழாய்களை இணைக்கும் ஸ்டீல் பின்னல் ஹோஸை வாங்கி, உள்ளே இருக்கும் ரப்பரை உருவிவிட்டு, பின்னலை மட்டும் பெட்டியின் வடிகால் வால்வில் உள்பக்கமாக மாட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாவது முறை காய்ச்சும்போது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாறு நூல்போல மெலிந்து, சொட்டாகி, நின்றே போனது. கிளறிப் பார்த்தால் மால்ட்டின் பாரத்தில் பின்னல் நாடாவைப் போலத் தட்டையாகிக் கிடந்தது. தடித்த செம்புக் கம்பியை ஸ்பிரிங்காகச் சுற்றி அதற்குள் நுழைத்த பிறகு ஒருநாளும் அடைத்ததில்லை. செம்புக் குழாயில் ஹேக்சா பிளேடால் கீறல் போட்டு, கீறல் அடிப்பக்கம் பார்க்க வைப்பதும் நல்ல வழி. பற்றவைத்தால் ஈயம் கலக்காத பற்றாசுதான் வேண்டும்.

துணிப்பை முறை 2000-களின் நடுவில் ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சுநர்களிடமிருந்து பரவியது. கொதிக்கவைக்கும் பாத்திரத்துக்குள்ளேயே பை. மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில். ஊறியதும் பையைத் தூக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். கொதிபாத்திரம் எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்பதால், கூடுதல் செலவு மெல்லிய பாலியஸ்டர் திரைத்துணியும் தையல் கூலியும் மட்டுமே. துணியின் கண்கள் சிறியவை, வடிகட்டும் பரப்போ பெரியது. அதனால் மால்ட்டை இன்னும் பொடியாக நொறுக்கலாம். அடைப்பு பயம் இல்லை, சர்க்கரையும் நன்றாக இறங்கும். சாறு கொஞ்சம் கலங்கலாக வரும். நொதிக்கும்போது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இதிலும் சங்கடம் உண்டு. 20 லிட்டர் பீருக்கு 40 லிட்டர்ப் பாத்திரம் வேண்டும். 5 கிலோ மால்ட் ஊறி, சொட்டச் சொட்டத் தூக்கும்போது 10 கிலோவுக்கு மேல் கனக்கும். கப்பியும் கயிறும் இல்லாமல் அந்தச் சுடுநீரின் மேல் குனிந்து நிற்காதீர்கள். நடுவில் சூடேற்ற நினைத்தால் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். பை அடியில் படிந்தால் கருகி ஓட்டை விழும்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள், 10 லிட்டர் போதும் என்றால், யோசிக்காமல் பையைத் தையுங்கள். மால்ட் 7, 8 கிலோ தேவைப்படும் கனமான பீரோ, அடிக்கடி பெரிய அளவில் காய்ச்சுவதோ உங்கள் ஆசையென்றால் பெட்டிதான் முதுகைக் காக்கும். ஆனால் அதன் வால்வை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவியாக வேண்டும். உள்ளே தேங்கும் சாறு இரண்டே நாளில் புளித்து நாறும். மிச்சம் பிடித்த பணத்தில் நொதிக்கவைக்க ஒரு புது வாளி வாங்குங்கள். கொதித்து ஆறிய சாறு தங்கும் இடம் அது. பழைய வாளியின் கீறல்களுக்குள் ஒளியும் கிருமியை எந்த மருந்தாலும் முழுதாக எடுக்க முடியாது.