ரெடிமேட் ரயிலா, தைத்து வாங்கிய ரயிலா?

புறநகர் ரயில் வாங்கும் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி?" என்றுதான். என்னைக் கேட்டால், எப்படிப்பட்ட ரயில் வேண்டும் என்று எழுதி டெண்டரோடு அனுப்பும் அந்தத் தடித்த விவரக்குறிப்பைப் புரட்டினாலே பாதி ரயில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரயில் தயாரிக்கும் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஸ்டாட்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் கலிஃபோர்னியாவின் கால்ட்ரெயின், இங்கிலாந்தில் லிவர்பூலின் மெர்சிரெயில் என்ற இரண்டு புறநகர் ரயில் சேவைகளும் அவர்களைத்தான் தேர்ந்தெடுத்தன. வந்த ரயில்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு தாய் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கால்ட்ரெயின் எடுத்தது 'கிஸ்', ஐரோப்பாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மாடி ரயில். ரெடிமேட் சட்டை மாதிரி. ஆனால் கடையிலிருந்து அப்படியே போட்டுக்கொண்டு வந்துவிட முடியவில்லை. பெட்டியின் உடல் 800,000 பவுண்டு நெருக்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்காவின் பழைய விதி. மோதும் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் ஐரோப்பிய பாணி வடிவமைப்புக்குப் பொது விதியிலேயே இடம் கிடைத்தது 2018-ல்தான். உள்நாட்டில் தயாரிக்கும் நிபந்தனையும் சேர்ந்துகொள்ள, ஸ்டாட்லர் சால்ட் லேக் சிட்டியில் தொழிற்சாலையே போட்டது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது கதவு விஷயம். கால்ட்ரெயினின் நடைமேடைகள் சுமார் 8 அங்குல உயரம்தான், பின்னால் அதே பாதையில் வரவிருக்கும் அதிவேக ரயிலுக்கோ சுமார் 50 அங்குலம் வேண்டும். அதனால் கீழே ஒரு உயரத்தில், மேலே ஒரு உயரத்தில் என்று இரண்டு வகைக் கதவுகளுக்கும் இடம் கேட்டார்கள். இன்றைக்குப் புழக்கத்தில் இருப்பது கீழ்க் கதவுகள் மட்டுமே, அதிலும் நடைமேடையிலிருந்து காலைத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. எப்போதோ வரப்போகும் விருந்தாளிக்காக வீட்டுச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைத்த கதை. சரி, அந்தப் பக்கம் உட்கார்ந்து போகும் தூரம் அதிகம், மாடி வைத்து இருக்கைகளைக் கூட்டியது நியாயம்தான்.

மெர்சிரெயிலுக்கு ஸ்டாட்லர் செய்த 777 வகை ரயில் நேர் எதிர். குறுகலான பழைய சுரங்கப் பாதை, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஓடும் மின்தண்டவாளத்திலிருந்து மின்சாரம், அடிக்கடி நிறுத்தம்: கேட்டலாக்கில் பொருந்துகிற மாதிரி எதுவும் இல்லாததால் அளவெடுத்துத் தைத்தார்கள். ரயில் நின்றதும் வாசலுக்கு அடியிலிருந்து ஒரு தகடு நீண்டு வந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் நேராக உள்ளே உருட்டிக்கொண்டு போகலாம். இது ரயிலின் சாமர்த்தியம் மட்டும் இல்லை, நடைமேடைகளையும் சேர்த்தே திருத்தினார்கள். நடைமேடையைக் கணக்கில் சேர்க்காத எந்த விவரக்குறிப்பையும் நான் நம்ப மாட்டேன். அப்புறம், சில வண்டிகளில் பேட்டரி வைத்ததால், மின்தண்டவாளத்தை நீட்டாமலேயே 2023 அக்டோபரில் ஹெட்போல்ட் லேன் என்ற புது நிலையம் வரை ஓட்ட முடிந்தது.

தைத்து வாங்கினால் தாமதமாகும், ரெடிமேட் சீக்கிரம் வரும் என்பார்கள். இங்கே நடந்தது வேறு: 777 பயணிகளோடு ஓடியது 2023 ஜனவரியில், கால்ட்ரெயினின் முழு மின்சேவை 2024 செப்டம்பரில். பின்னதில் பாதையையே மின்மயமாக்க வேண்டியிருந்தது, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் ரெடிமேடுக்குப் பெரிய வேகம் ஒன்றும் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

விவரக்குறிப்பில் எழுதாமல் விட்டதும் ரயிலில் தெரியும். லண்டனைக் குறுக்கே கடக்கும் தேம்ஸ்லிங்க் ரயில் சேவைக்காக சீமென்ஸ் செய்த 700 வகைக்கு மைய சுரங்கத்தில் மணிக்கு 24 ரயில் ஓட்ட வேண்டும் என்பது குறி, அதாவது 150 விநாடிக்கு ஒன்று. அதற்காக அகலக் கதவு, அகல நடைவழி, பெட்டிக்குப் பெட்டி திறந்த வழி எல்லாம் வந்தன. வைஃபை கேட்கவில்லை, வரவில்லை, பின்னால்தான் பொருத்தினார்கள். இருக்கைகள் இஸ்திரிப் பலகை மாதிரி இருக்கின்றன என்று பயணிகள் திட்டித் தீர்த்தது கம்பெனியை, ஆனால் ஆர்டர் எழுதியது அரசின் போக்குவரத்துத் துறை.

ஆக, நிறுத்தங்கள் நெருக்கமாக, ஏறி இறங்குவோர் கூட்டமாக இருக்கும் பாதைக்கு நான் 777 பக்கம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போகிறவர்களே அதிகம் என்றால் மாடி ரயில், ஆனால் ஒரே உயரக் கதவோடு.