பொடி வியாபாரத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸ் போதுமா?

வீட்டில் அரைத்த பருப்புப் பொடியையும் இட்லிப் பொடியையும் விற்கத் தொடங்குபவருக்கு, கடை வாடகையும் முன்பணமும் இன்றிக் கிடைக்கும் முதல் விற்பனைக் களமாக, 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். இதை நிறுவக் கட்டணம் இல்லை.

இதன் உண்மையான பலம், 2019 நவம்பரில் வந்த பொருள் பட்டியல் வசதிதான். 500 பொருள்கள் வரை படம், விலை, விவரத்துடன் ஏற்றிவைக்கலாம் என்பதால், “கால் கிலோ எவ்வளவு?” என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, வாடிக்கையாளரும் வேண்டியவற்றைக் கூடையில் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்பிவிடுகிறார். அடிக்கடி சொல்லும் பதிலை முன்பே எழுதிவைத்து, ‘/’ என்ற சாய்கோட்டைத் தட்டி வரவழைக்கலாம். புதிய ஆர்டர், வரவேண்டிய பணம் என உரையாடல்களுக்கு இடும் வண்ண அடையாளங்கள், கணக்கு நோட்டு எழுதச் சோம்பல்படுபவர்களுக்கு (நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான்) பேருதவி.

ஆனால் இச்செயலி தானாகப் புதிய வாடிக்கையாளரைத் தேடித் தராது. பலருக்கும் ஒருசேர அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் செய்தி, நமது எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கே போய்ச் சேரும். ஆகவே பொட்டலத்தின் மேல், 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணுடன் கைபேசி எண்ணையும் பெரிதாக அச்சிடுவது அவசியம். வியாபாரத்துக்குத் தனி சிம் வாங்கிவிடுவதும் நல்லது. இல்லையேல் இரவு பதினொரு மணிக்கும் பொடி கேட்டுச் செய்தி வரும்.